சகலையின் இரண்டு பாட்டில்கள்

என் சகலை ஒரே ஒரு ஒயின் பாட்டிலைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. திறந்தால் இரண்டாகத்தான் திறப்பார். ஒரு பாட்டில்தான் வீட்டில் இருக்கிறது என்றால் இன்னொன்று வந்து சேரும்வரை அது அலமாரியில் படுத்துக் கிடக்கும்.

"ஒண்ண மட்டும் குடிச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கும் சகல. பக்கத்துல இன்னொண்ணு வந்து உக்காந்தாதான் அதோட லட்சணம் தெரியும்" என்பார்.

ஒயினைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு, அது என்னைப் பற்றிச் சொன்னது போலவே காதில் விழும்.

அவர் என் மனைவி உமாவின் அக்கா கலாவைக் கட்டியவர். ஆம்பூரில் ஒரு டேனரியில் தோலுக்குக் கடைசியாக நிறமும் பளபளப்பும் ஏற்றுகிற பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. இப்போது எத்தியோப்பியாவில் அதே வேலையில் இருக்கிறார். கலாவும் கூடப் போய்விட்டாள். நான் ஜோலார்பேட்டையில் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் வீடு. கல்யாணமான நாளிலிருந்து நான் "சின்ன மாப்ள", அவர் "பெரிய மாப்ள". குடியாத்தத்தில் என் மாமனார் வீட்டில் எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் அது பெரிய மாப்ளயிடம்தான் போய் முடியும். கரண்ட் போனால்கூட, "பெரிய மாப்ள வீட்ல இன்வெர்ட்டர் போட்டுட்டாரு" என்பார் மாமனார். இரவும் பகலுமாக நாலாயிரம் டன்னை இழுத்துக்கொண்டு போகிறவன் நான். அது அந்த வீட்டில் ஒருநாளும் பேச்சாக வந்ததில்லை.

ஒயின் அவருக்கு வந்த வழி விசித்திரமானது. அந்த டேனரியில் தோல் வாங்க இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வரும்போது முதலாளிக்கு மரியாதையாக ஒரு பையில் சாக்லெட்டும் ஒயினும் கொண்டுவருவார்கள். முதலாளி ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். வந்தவர்கள் முகம் கோணக் கூடாதே என்று சிரித்தபடி பையை மேஜைமேல் வைக்கச் சொல்வார். அவர்கள் போனதும் சாக்லெட்டை மட்டும் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டு, பாட்டிலில் கை படாமல் பையை என் சகலை பக்கம் தள்ளி, "சார், இது உங்க டிபார்ட்மெண்ட்" என்பாராம்.

அதுவரை பீர்கூடத் தொடாதவர் என் சகலை. ஒருமுறை புது மெஷின் பழக இத்தாலிக்கு அனுப்பினார்கள். அங்கே தங்கியிருந்த வீட்டில் தினமும் சாப்பாட்டுக்கு இரண்டு பாட்டில் வைத்து, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்களாம். திரும்பி வந்ததும் இவரும் ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணிக்கு முன்னால், மாடியில் அவருடைய முன்னறையில்தான் அது நடக்கும். பாட்டில்களின் பெயர் தெரியக்கூடாது என்பதற்காக ஷூ போட்டுத் தருகிற துணிப்பைகளில் இரண்டையும் நுழைத்துக் கழுத்தில் கயிறு கட்டிவிடுவார். ஒன்று லெஃப்ட், இன்னொன்று ரைட். "இன்னைக்கு யாரு ஜெயிக்கறது, லெஃப்டா ரைட்டா?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றுவார். கண்ணாடிக் கோப்பைகளைக் கழுவ யாரையும் விடமாட்டார். சோப்பு படக்கூடாது. சுடுதண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எல்லோரும் முகர்ந்து, குடித்து, சொல்லி முடிக்கும்வரை தன் கட்சி எது என்று வாய் திறக்க மாட்டார். எது ஜெயிக்கிறதோ அது வந்தவர்களுக்கு. தோற்ற பாட்டிலை அவர் எடுத்துக்கொள்வார்.

"ஜெயிச்சது விருந்தாளிக்கு. தோத்தது வீட்டுக்காரனுக்கு. அதான் நம்ம ரூல்."

அந்த ரூலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விட்டுக்கொடுப்பதிலும் ஒரு மனிதன் இப்படி முந்திக்கொள்ள வேண்டுமா?

எங்கள் வேலையில் டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும்போது குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். முந்தின வேளை குடித்தது தெரிந்தாலும் போச்சு. அதனால் பாதி ஞாயிறுகளில் நான் முகர்வதோடு சரி. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் என்றால் சகலையும் உமாவும்தான். கலா அந்தப் பக்கமே வரமாட்டாள். "இந்தக் கருமத்த மோந்து பாக்கறதுக்கு நான் வேற வேணுமா" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். ஆனால் மசால் வடை மட்டும் சூடாக வந்தபடி இருக்கும்.

உமா முதலில் குடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் ஜோலார்பேட்டையில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். மருந்து என்று கொடுத்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறவள். சகலை, "ஒரு வாய் பாரும்மா, கசந்தா துப்பிடு" என்று கொடுத்தார். என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அந்தச் சமயம் அதில் ஒரு பெருந்தன்மை இருந்ததாக நினைத்துக்கொண்டேன்.

முதலில் என்னைக் கேட்டார். "ரெண்டும் புளிக்குது அண்ணா" என்றேன்.

உமா இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "லெஃப்ட்ல நாவப்பழம் வாசன வருது மாமா. மரத்துல இருக்கறது இல்ல. கீழ விழுந்து, நசுங்கி, வெயில்ல கெடக்குமே, அது."

சகலை கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "கலா, இங்க வந்து கேளு, உன் தங்கச்சி இன்னா சொல்றான்னு."

அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு அது கிடைத்த மாதிரி இருந்தது.

சாயங்கால வண்டியில் திரும்பும்போது உமாவிடம் கேட்டேன். "நாவப்பழம் எங்கிருந்து வந்துது உனக்கு?"

"நான் படிச்ச ஸ்கூல் பின்னாடி ஒரு மரம் இருந்துது. மத்தியானத்துல அங்கதான் உக்காந்து சாப்பிடுவேன். ஒரு வருஷம் என்கூட யாரும் பேச மாட்டாங்க, இன்னாத்துக்கோ ஒதுக்கி வச்சிட்டாங்க. தனியா உக்காந்திருப்பேன். அந்த வாசன அப்டியே இருக்கு."

எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. இந்தக் கதையை அவள் என்னிடம் சொன்னதில்லை. அதை அவளிடமிருந்து வெளியே எடுக்க அவருடைய பாட்டில் தேவைப்பட்டிருக்கிறது. வாணியம்பாடி தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஞாயிறுகள் அவர்கள் இருவருடையதாகிவிட்டன. அவள் ஏதாவது சொல்வாள். புதுப் பாடப்புத்தகம், ஈரச் சுவர், காய்ந்த கொத்தமல்லி. அவர் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்துவிட்டு, "ஆமா, ஆனா அதுக்கு அடியில இன்னொண்ணு இருக்கு பாரு" என்பார். அவள் மறுபடி முகர்வாள். என் மனைவியின் முகம் அவ்வளவு கூர்மையாக ஒன்றைக் கவனித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தப்பாக ஒரு வார்த்தை கிடையாது, தப்பாக ஒரு பார்வை கிடையாது. இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பொறாமைப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

பூ விஷயம் ஒன்று உண்டு. மல்லி வாசனை வந்தால் ஒயின் வாசனை போய்விடும் என்று, பூ வைத்துக்கொண்டு யாரும் முன்னறைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். உமா பூ வைக்காமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகமாட்டாள். எனக்கு மல்லி வாசனையில் தலை வலிக்கும். பலமுறை சொல்லியும் கேட்டதில்லை. "நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க" என்பாள். அவர் ஒருதரம் சொன்னார். ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் பூவைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்வாள். திரும்பி வரும் வண்டியில் மறுபடி வைத்துக்கொள்வாள்.

நானும் ஒருமுறை போட்டியில் இறங்கினேன். பெங்களூருக்கு வண்டி கொண்டுபோன நாளில், ரெஸ்ட் நேரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போய், அங்கிருந்த பையனிடம் கேட்டு, நல்லது என்று அவன் சொன்ன ஒரு பாட்டிலை வாங்கி வந்தேன். உமாவிடம் யாரோ கொடுத்தார்கள் என்றேன். அந்த ஞாயிறு அது ரைட் பையில் போனது. எனக்கு மறுநாள் காலைவரை டியூட்டி இல்லை. நிம்மதியாக ஒரு வாய் குடித்தேன், அமிர்தமாக இருந்தது.

உமா இரண்டையும் முகர்ந்தாள். எது என்னுடையது என்று அவளுக்குத் தெரியாது. "லெஃப்ட்தான் மாமா. ரைட்டு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. இனிப்புத் தண்ணி மாதிரி இருக்குது."

பையை அவிழ்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சகலை என் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "எனக்கு இதான் புடிச்சிருக்கு. வெயிலுக்கு இதுமாரி லேசா இருக்கணும் சகல. அடுத்த தடவ போனா இன்னொண்ணு வாங்கி வா." ஒரு சொட்டு பாக்கி வைக்காமல் அந்த வாரம் முழுக்க அதையே குடித்தாராம். கலா போனில் சொன்னாள். தோற்றுப்போனதைவிட அதுதான் என்னைக் குத்தியது. கிண்டல் பண்ணியிருந்தால் கொஞ்சம் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

பிறகு கொரோனா வந்தது. கூட்ஸ் வண்டிகள் நிற்கவில்லை, நான் ஓடிக்கொண்டிருந்தேன். சகலைக்கு இரண்டாவது அலையில் காய்ச்சல் கண்டு, வேலூரில் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அந்த நாட்களில் இன்ஜினில் உட்கார்ந்து, அவர் பிழைத்து வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது நிஜம். பிழைத்து வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வாசனை தெரியவில்லை என்று முதலில் எல்லோரையும் போல அவரும் சொன்னார். கொஞ்ச நாள் கழித்துப் போன் செய்தபோது, "வந்துட்டுது சகல, கலா வைக்கற மீன் கொழம்பு கீழ் வீடு வரைக்கும் அடிக்குது" என்றார்.

ஞாயிறுகள் மறுபடி ஆரம்பித்தன. ஆனால் ஒரு மாற்றம். முன்பெல்லாம் என்னைத்தான் முதலில் கேட்பார், என் பதில் எவ்வளவு மட்டமாக இருந்தாலும். இப்போது ஊற்றியவுடன் உமாவின் பக்கம் திரும்பிவிடுவார். "மொதல்ல நீ சொல்லும்மா." அவள் சொன்ன பிறகுதான் கோப்பையைத் தூக்குவார். அவள் சொன்னதையே திரும்பச் சொல்வார். "ஆமா, ஈர மண்ணு. கரெக்ட்." அடியில் இன்னொண்ணு இருக்கு என்பதெல்லாம் நின்றுபோயிற்று. அவள் எது சொன்னாலும் சரி என்றால் அதற்கு என்ன அர்த்தம்? எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தோன்றியது. சாவின் வாசல்வரை போய்வந்த மனிதனுக்கு இனி எதையும் மறைக்க மனசில்லை என்று நினைத்தேன். அங்கே போகாமல் இருக்கக் காரணங்கள் தேடினேன். உமா, "நீங்க வராட்டி நான் மட்டும் போய்ட்டு வர்றேன்" என்றாள். அது இன்னும் மோசம் என்று கூடவே போனேன்.

அப்படிப் போன ஒரு ஞாயிறு எனக்கு இரவு டியூட்டி இருந்தது; குடிக்க முடியாது. சகலை ஊற்றிக்கொண்டிருந்தபோது கலா எதற்கோ கூப்பிட, உமா எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் லெஃப்ட் கோப்பையை எடுத்து முகர்ந்தேன். தூக்கிவாரிப் போட்டது. மழையில் நனைந்து மூலையில் கிடந்த கோணிப்பையின் நாற்றம். வாசனை பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே குமட்டியது. கார்க் கெட்டுப்போனால் எப்போதாவது அப்படி ஆகும் என்று அவரே முன்பொருமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் அதே கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "லெஃப்ட் ஜோரா இருக்கு சகல. நல்ல பழ வாசன" என்றார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசனை திரும்ப வரவே இல்லை. எனக்குள் ஏதோ ஒன்று குபீரென்று மேலே எழும்பியது.

உமா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே கலாவும் வடைத் தட்டோடு வந்து வாசலில் நின்றாள். "லெஃப்ட் ஜோரா இருக்காம், அண்ணன் சொல்றாரு" என்றேன், குரலை மிகச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

உமா கோப்பையை எடுத்து முகர்ந்தாள். ஒரு கணம் அவள் கை அப்படியே நின்றது. பிறகு சிரித்தாள். "இன்னா மாமா, எங்களுக்கு டெஸ்ட்டா? வேணும்னே கெட்டுப்போனத ஊத்தி வச்சிட்டு, ஜோரா இருக்குன்னு வேற சொல்றீங்க. இவரு நம்பிட்டாரு பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். அரை நொடிதான். "கண்டுபுடிச்சிட்டியா" என்று அவரும் சிரித்தார். கலா, "வேலையத்துப்போய் இதுல டெஸ்ட்டு வேற" என்று சொல்லிவிட்டு வடையை வைத்தாள். சகலையின் நெற்றியில் வேர்த்திருந்தது. அவர் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டும் சத்தம் கேட்டது.

திரும்பும் வண்டியில் எதிர் சீட்டு காலியாகும்வரை பொறுத்திருந்து உமாவிடம் சொன்னேன். "அவருக்கு வாசனையே தெரியல."

"தெரியும்" என்றாள்.

"எப்பலருந்து?"

"ஜொரம் வந்து போனப்புறம் மொத தடவ போனோமே, அன்னைக்கே. பூவ கழட்ட மறந்துட்டுப் போய் அவரு பக்கத்துலயே உக்காந்துட்டேன். ஒரு வார்த்த சொல்லல. அடுத்த வாரத்துலருந்து நானே ஞாபகமா கழட்டிட்டுப் போறேன். அக்கா கவனிச்சிடக் கூடாதுன்னு."

"அக்காவுக்குத் தெரியாதா?"

"படிக்கட்டு ஏறும்போதே இன்னா கொழம்புன்னு சொல்ற ஆளு அவரு. அதுக்காகவே அக்கா சமைக்கும். இனிமே ஒண்ணும் தெரியாதுன்னு அதுகிட்ட எப்டி சொல்லுவாரு?"

"உன்கிட்ட சொன்னாரா?"

"அவரு சொல்லல. நானும் கேக்கல. நான் மொதல்ல சொல்லிட்டா அவரு புடிச்சிக்குவாரு. அவ்ளோதான்."

இத்தனை மாதமாக அந்த அறையில் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேர் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் நடுவில் உட்கார்ந்து வடை தின்றிருக்கிறேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

உமா கைப்பையைத் திறந்து பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். என்னைத் திட்டுகிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"சொல்லியிருந்தா நீங்க சந்தோஷப்பட்டிருப்பீங்க."

அதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிறு. உமாவின் பள்ளியில் ஆண்டு விழா ஒத்திகை, அவளால் வரமுடியவில்லை. சகலை, "நீயாவது வா, பிரியாணி வீணாப்போவும்" என்றார். தனியாகப் போனேன். எத்தியோப்பியா வேலை பற்றி அப்போதுதான் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வழக்கம்போலப் பைகளைக் கட்டினார், ஊற்றினார், உட்கார்ந்தார். கலா வழக்கத்துக்கு மாறாக வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.

அவர் தன் கோப்பையைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். கேட்கவும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று எனக்குத் தெரிந்தது. கலாவின் முன்னால் அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தபடி போனது.

"இன்னா, ரெண்டு பேரும் ஊமையாட்டம் உக்காந்திருக்கீங்க?" என்றாள் கலா.

நான் இரண்டு கோப்பைகளையும் எடுத்து முகர்ந்தேன். லெஃப்ட், ரைட். மறுபடி லெஃப்ட். உமாவுக்கு வருவது போல எனக்குப் பழமோ பூவோ வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றுதான் வந்தது. "லெஃப்ட்தான் அண்ணா. மழையில நின்ன இன்ஜின எடுத்துக் கெளப்பினா, சூடேறும்போது ஒரு வாசன வரும். இரும்பு, ஈரம், எண்ணெ எல்லாம் கலந்து. அதுமாரி இருக்குது. ரைட்டு வெறும் சக்கர."

அவர் லெஃப்ட்டை எடுத்து முகர்ந்தார். கண்ணை மூடி வெகுநேரம் வைத்திருந்தார். "ஆமா சகல. மொதல்ல மழை. அப்புறம்தான் சூடு."

"இஞ்சின் நாத்தத்தையெல்லாமா குடிப்பாங்க" என்று கலா சிரித்தாள்.

லெஃப்ட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு ரைட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டார். எனக்கு மறுநாள் மாலைவரை டியூட்டி இல்லை. ஒரு கோப்பை குடித்தேன். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தெருவரை கூட வந்தார். ஆட்டோவுக்காக நின்றோம். என் தோளில் கை வைத்தார். ஏதோ சொல்லப் போகிறார், என்னைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் சொல்ற சகல. ஆனா உமாவுக்கு இருக்கற மாதிரி மூக்கு ஆயிரத்துல ஒருத்தருக்கு இருக்காது. அது மட்டும் இல்லன்னா நான் எப்பவோ இதையெல்லாம் மூட்டை கட்டியிருப்பேன். அதுகிட்ட நான் சொன்னதா சொல்லு."

சரி என்றேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் உமா கேட்டாள். "மாமா இன்னா சொன்னாரு?"

"பிரியாணில உப்பு கம்மின்னாரு" என்றேன்.